சாலை போட்டவரும் சாலையில் சென்றவரும்

பயணத்தைப் பாடுவது தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து ஆற்றுப்படை நூல்களாகும். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனுக்கு, எவ்வழியே செல்ல வேண்டும், இடையில் எந்நிலங்களைக் கடக்க வேண்டும், எவ்வூரார் எவ்வுணவு தந்து ஓம்புவர் என்பவற்றையெல்லாம் விரித்துரைப்பதே அந்நூல்களுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு. வழி கூறுவோன் அவ்வழியில் நடந்து பயன் கண்டவன். ஆதலின் அவன் சொல்லுக்கு மதிப்புண்டு.

மலேசியத் தமிழரின் வரலாற்றில் இம்முறை பிறழ்ந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. காட்டை வெட்டிச் சாலை போட்டவர்களுள்ளும், தண்டவாளம் பதித்தவர்களுள்ளும் தமிழர் மிகப் பலர். ஆயினும் அச்சாலையில் விரும்பியபோது விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமை அவர்களுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஒரு குடும்பம் ஒன்றுகூடி, ஒரு நாள் முழுதும் ஊர் சுற்றி, இரவில் வீடு திரும்புவது இன்று எளிய செயலாகத் தோன்றுகிறது. அவ்வெளிமை எவ்வாறு வந்தது என்பதைக் கோலாலம்பூரிலிருந்து தென்மாநிலங்களுக்குச் சென்று மீளும் ஒரு நாட்பயணத்தின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிக்பீல்ட்ஸில் புறப்பாடு

மலேசியாவில் கோடை, குளிர் என்னும் பருவப் பாகுபாடு இல்லை. பள்ளி விடுமுறையே குடும்பங்களுக்குப் பயணப் பருவம். 1970-களில் ஆண்டிறுதி விடுமுறை வந்ததும், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடும்பங்கள் தெற்கே ஒரு நாட்பயணம் மேற்கொள்வது வழக்கமாயிற்று. மோரிஸ் மைனர் அல்லது டாட்சன் வகையைச் சேர்ந்த பழைய கார் ஒன்று. முன்னிருக்கையில் தந்தையும் தாத்தாவும். பின்னிருக்கையில் தாயும் பாட்டியும் மடியிலும் இடுக்கிலுமாகப் பிள்ளைகளும். காலடியில் புளிச்சோறு நிறைந்த தூக்குச்சட்டி. விடியுமுன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபின் வண்டி புறப்படும். விரைவு நெடுஞ்சாலை இன்னும் வராத காலம் அது. சிரம்பான், தம்பின் வழியாக மலாக்கா சென்று, மாலையில் கடற்கரைச் சாலை வழியே போர்ட்டிக்சன், பந்திங், கிள்ளான் ஆகிய ஊர்களைக் கடந்து வீடு திரும்பினால் ஒரு வட்டம் முழுமையுறும்.

புறப்பட்ட இடமே வரலாற்றுச் சிறப்புடையது. 1881-இல் கோலாலம்பூரில் பெருந்தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நேர்ந்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட நகரம் அழிந்தது. இனிக் கட்டும் வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டுதல் வேண்டும் எனச் சிலாங்கூரின் ஆங்கிலேய ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதனால் நகரின் தென்புறத்தே செங்கற்சூளைகள் பெருகின. சூளைகள் இருந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் அந்நிலம் இரயில்வேக்கு உரிய இடமாயிற்று. பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. தண்டவாளத் தொழிலாளராகத் தென்னிந்தியத் தமிழரும், எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறினர். யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904-இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமமும் அக்குடியேற்றத்தின் நிலைத்த சான்றுகள். அன்றைய இரயில்வே நிலத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பழைய குடியிருப்புகளுள் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேலை மலாய் மாநிலங்களில் இருப்புப்பாதை வளர்ந்த விரைவு வியப்புக்குரியது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதற்பாதை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்குப் பாதை. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்கே வண்டி வந்தது. 1903-இல் பிறை முதல் சிரம்பான் வரை ஒரே தொடராயிற்று. 1909-இல் ஜொகூர் பாரு எட்டப்பட்டது. கால் நூற்றாண்டுக்குள் மேற்குக் கரை முழுதும் இணைந்துவிட்டது. சதுப்பில் மண் கொட்டியும், மலேரியாவில் மடிந்தும், அப்பாதையை அமைத்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர். வண்டி ஓடத் தொடங்கியபின் அதைப் பழுது பார்த்துக் காத்தவர்களும் அவர்களே.

கட்டைக் கணக்கு

கோலாலம்பூரை விட்டுத் தெற்கே செல்லும் பழைய கூட்டரசுச் சாலை காஜாங், செமினி, பெரானாங் ஆகிய ஊர்களைக் கடந்து மந்தின் மலையில் ஏறுகிறது. அம்மலைச் சாலையின் வளைவுகளில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றுவதும், பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த இஞ்சித்துண்டை எடுத்து நீட்டுவதும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான நிகழ்ச்சி. சிரம்பான் ஏறத்தாழ நாற்பது கட்டைத் தொலைவு.

‘கட்டை’ என்னும் இச்சொல் மலேசியத் தமிழர் வழக்கில் மைலைக் குறிப்பது. சாலையோரத்து மைல்கல்லைக் ‘கட்டை’ என்றனர். அதுவே தூரத்தின் அளவாகவும், பின்னர் ஊரின் பெயராகவும் ஆயிற்று. மூன்றாங்கட்டை, ஆறாங்கட்டை என ஊர்ப்பெயர் வழங்குவது மலாய் மொழியில் ‘பத்து’ என்னும் சொல் கல்லையும் மைலையும் ஒருங்கே குறிப்பதோடு ஒத்துப்போகிறது. சாலையைச் ‘சடக்கு’ என்பதும் இவ்வாறே. வட இந்திய மொழிகளில் சாலையைக் குறிக்கும் ‘சடக்’ என்னும் சொல்லைத் தழுவிய இது, தமிழ்நாட்டில் அருகி வழங்க, மலேசியாவில் தோட்டப்புறத் தமிழரின் அன்றாடச் சொல்லாய் நிலைபெற்றது. மொழி ஆராய்ச்சியாளர் இச்சொற்களைக் கொச்சை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பொதுப்பணித் துறையில் கல்லுடைத்து, தார் காய்ச்சி, மட்டக்கோல் பிடித்து உழைத்தோர் தம் தொழிலைக் குறிக்க வழங்கிய சொற்கள் இவை. 1970-களில் மெட்ரிக் அளவை முறை நாட்டில் புகுந்து மைல்கற்கள் கிலோமீட்டர்க் கற்களாக மாறியபின்னும் முதியோர் கட்டைக் கணக்கை விடவில்லை.

சாலையின் இருமருங்கும் அக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ரப்பர் மரங்கள் நின்றன. 1877-இல் கீயூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள், இருபது ஆண்டுகள் தோட்டக்கலை ஆய்வாளரின் ஆர்வப் பொருளாகவே இருந்தன. 1890-களில் காப்பி விலை வீழ்ந்ததும், மோட்டார் வண்டி தோன்றியதும் நிலைமையை மாற்றின. மலாக்காவில் தான் சே யான் என்னும் சீனப் பெருஞ்செல்வர் 1896-ஐ ஒட்டி வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் முழுதும் தோட்டங்கள் பரவின. காரின் சக்கரம் வேண்டியே ரப்பர் பெருகிற்று. ரப்பர் பெருகியதால் சாலை பெருகிற்று. அந்த ரப்பரைச் சீவியவன் மட்டும் லயத்துக்கும் பால்மரக்காட்டுக்கும் இடையே நடந்தான்.

அவன் அவ்வாறு அடைபட்டுக் கிடந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவன் ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் குற்றவாளியாகக் கருதப்பட்டுத் தண்டனை பெற்றான். 1910-உடன் புதிய ஒப்பந்தங்கள் நின்றன. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. 1907-இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றது. முன்னறிவிப்புத் தந்து வேலையை விடும் உரிமை ஏட்டளவில் வந்தது. ஆயினும் தோட்டம் தனியார் நிலம். உள்ளே யார் வரலாம், யார் வரலாகாது என்பதைத் துரையே முடிவு செய்தார். அடுத்த தோட்டத்தில் வாழும் தங்கை வீட்டுக்குச் செல்லவும் நேரம் பார்த்து, இசைவு பெற்று, கிராணியின் முகம் பார்த்து நிற்க வேண்டிய நிலை இருந்தது.

தம்பின் சந்திப்பில்

சிரம்பானைக் கடந்து ரெம்பாவ் வழியாகத் தம்பினை அடையும்போது வெயில் ஏறிவிடும். நெகிரி செம்பிலானும் மலாக்காவும் கூடும் எல்லை இது. 1905-இல் இங்கிருந்து மலாக்கா நகருக்குக் கிளை இருப்புப்பாதை போடப்பட்டது. இன்று அப்பாதை இல்லை. சப்பானியர் ஆட்சியின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. கெமாஸிலிருந்து கிளந்தான் செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதிக்கும் அதே கதி நேர்ந்தது.

போர் இச்சாலையில்தான் வந்தது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூரைக் கைப்பற்றியது. ஜனவரி 14-இல் கெமாஸுக்கு அருகே கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்து தாக்கினர். மிதிவண்டிகளில் வந்த சப்பானிய வீரர் பலர் மாண்டனர். எனினும் முன்னேற்றம் நிற்கவில்லை. மக்கள் நலனுக்கென ஆங்கிலேயர் போட்டதாகக் கூறிய நல்ல தார்ச்சாலைகள், பகைவரின் மிதிவண்டிகளுக்கு ஏற்ற பாதையாயின.

அடுத்து நிகழ்ந்தது தமிழர் வரலாற்றின் பெருந்துயரம். 1942–43-இல் 415 கிலோமீட்டர் நீளமான சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். கூலியும் உணவும் தருவதாக ஆசை காட்டி அழைக்கப்பட்டோர் சிலர். சாலையிலும் லயத்திலும் வளைத்துப் பிடிக்கப்பட்டோர் பலர். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவர்கள் வடக்கே சென்றனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டோரின் பெயர்ப்பட்டியல் இன்றளவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய வரிசை அமையவில்லை. 1970-களில் மலாக்கா நோக்கிச் சென்ற காரின் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த தாத்தாக்களுள் சிலர் அங்கிருந்து மீண்டவர்கள். தம்பின் நிலையத்தைக் கடக்கும்போது அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதன் காரணத்தைப் பேரப்பிள்ளைகள் பிற்காலத்திலேயே அறிந்தனர்.

போர் முடிந்தும் சாலை அமைதி பெறவில்லை. 1948 முதல் 1960 வரை நெருக்கடிநிலை நீடித்தது. பேருந்துகள் எரிக்கப்பட்டன. சாலைகளில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. தோட்டத்து லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. அரிசி ஒரு பிடி மிகுதியாக எடுத்துச் செல்வதும் ஐயத்துக்கு இடமாயிற்று. கட்டுச்சோற்றோடு பயணம் செய்வதே குற்றமாகக் கருதப்படக்கூடிய காலம் அது. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதியே நாட்டின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டு, அங்குக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு அச்சமின்றி மலாக்காவுக்குச் செல்லும் வழக்கம் இதன் பின்னரே இயல்வதாயிற்று.

மலாக்கா: இருவகைத் தமிழர்

தம்பினிலிருந்து அலோர் காஜா வழியாக மலாக்காவுக்குச் செல்லும் நிலம் பழைய நானிங் நாடாகும். மலாக்காவைப் பெற்ற ஆங்கிலேயர் நானிங் தலைவர் டோல் சையத்திடம் வரி கேட்டனர். அவர் மறுத்தார். 1831-இல் சென்ற கிழக்கிந்தியக் கும்பினிப் படை தோற்று மீண்டது. 1832-இல் பீரங்கி செல்வதற்கெனக் காட்டை வெட்டிச் சாலை அமைத்துக்கொண்டே படை முன்னேறியது. அப்படையில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தனர். ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களில் தொடக்ககாலச் சாலைகளையும் பாலங்களையும் அமைத்தவர்களுள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் அடங்குவர். ஆகவே இந்நாட்டில் சாலைக்கும் இந்தியருக்கும் உள்ள தொடர்பு ரப்பருக்கும் முற்பட்டது. அத்தொடர்பின் தொடக்கம் விலங்கோடு கூடியது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஆனால் மலாக்கா நகருக்குள் நுழைந்ததும் வேறொரு வரலாறு எதிர்ப்படுகிறது. ஏறத்தாழ 1400-இல் பரமேசுவரனால் நிறுவப்பட்ட இத்துறைமுகத்தில் தமிழர் வணிகராக வந்தனர். அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு சாபந்தர்கள் இருந்தனர் எனப் போர்த்துக்கீசியரான தோமே பிரெசு எழுதிய குறிப்பு கூறுகிறது. அவருள் ஒருவர் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தோர்க்கு உரியவர். தமிழ் முசுலிம் மரபினரான துன் முத்தாகிர் அந்நாட்டின் பெண்டகாராவாகவே உயர்ந்தார். 1511-இல் போர்த்துக்கீசியரும், 1641-இல் ஒல்லாந்தரும், 1824 உடன்படிக்கையால் ஆங்கிலேயரும் மலாக்காவை அடைந்தனர். ஆட்சிகள் மாறியும் அவ்வணிகரின் வழிவந்தோர் ஒரு சிறு சமூகமாக நிலைத்தனர். அவரே மலாக்காச் செட்டிகள்.

தங்கக் கொல்லர் தெருவில் 1781-இல் தைவநாயகம் செட்டி எழுப்பிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில், மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களுள் மிகப் பழமையானது என்பர். அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தொலைவில் செங் ஊன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. காஜா பெராங் பகுதியில் வாழும் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய் மொழி. உடுப்பது பெரும்பாலும் மலாய் உடை. ஆயினும் பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் பெயர்கள் அவர்களிடையே வழங்குகின்றன. பொங்கலுக்கு முன்னாளில் முன்னோருக்குப் படையலிட்டு வணங்கும் ‘பார்ச்சு’ வழக்கத்தையும் மாரியம்மன் விழாவையும் அவர்கள் இன்றுவரை போற்றி வருகின்றனர்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த குடும்பம் இக்கோயிலின் முன் நின்றபோது, தமிழ் பேசாத ஒருவர் விபூதி தரித்து விநாயகரை வணங்கும் காட்சி பிள்ளைகளைத் திகைக்கச் செய்திருக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் தம் விருப்பில் கடல் கடந்து வந்து, தம் விருப்பில் தங்கி, இந்நாட்டுப் பெண்டிரை மணந்து வாழ்ந்தோர் மொழியை இழந்தனர், மரபைக் காத்தனர். நூறு ஆண்டுகளுக்குமுன் கங்காணியின் பின்னே வந்து, தோட்ட எல்லைக்குள் அடைபட்டோர் மொழியைக் காத்தனர். அடைப்பே ஒருவகையில் மொழிக்கு வேலியாயிற்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்துமாறு கூறிற்று. லயத்தின் ஓரத்தில் எழுந்த அந்தக் கொட்டகைகளே தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம். வேலி விலகிச் சாலை திறந்தபின் மொழியைக் காப்பது எவ்வாறு என்னும் வினா, அக்குடும்பம் அறிந்தோ அறியாமலோ, மலாக்காவிலிருந்து அவர்களோடு திரும்பி வந்தது.

நகரின் கடற்கரைத் திடலில் மற்றொரு நினைவும் உண்டு. 1956 பிப்ரவரி 20-இல் இலண்டனிலிருந்து மீண்ட துங்கு அப்துல் ரகுமான், நாடு விடுதலை பெறும் நாளை இங்கேயே மக்களுக்கு அறிவித்தார்.

கடற்கரைச் சாலையில் மீட்சி

பிற்பகலில் கார் கடற்கரைச் சாலையைப் பற்றிக்கொள்கிறது. மஸ்ஜித் தானா, லிங்கி, போர்ட்டிக்சன். பிள்ளைகள் கடலில் ஆட, பெரியோர் சவுக்கு நிழலில் எஞ்சிய சோற்றைப் பங்கிட, ஒரு நாழிகை கழியும். சிரம்பானிலிருந்து இத்துறைக்கு 1891-லேயே இருப்புப்பாதை வந்தது. சுற்றியிருந்த சுரங்கங்களின் ஈயமும், பின்னர் தோட்டங்களின் ரப்பரும் இவ்வழியே கடலைச் சேர்ந்தன. அதன்பின் செப்பாங், பந்திங். இருமருங்கும் மீண்டும் தோட்டங்கள். ஒவ்வொரு முகப்பிலும் ஒரு பெயர்ப்பலகை, ஒரு செம்மண் பாதை, தொலைவில் ஒரு சிறு கோபுரம். ‘இதில் உன் சின்னப் பாட்டி இருந்தாள்’, ‘இங்கேதான் மாமா தண்டலாக இருந்தார்’ எனப் பாட்டி விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவாள். அவளுக்கு அச்சாலை ஓர் உறவுமுறைப் பட்டியல்.

இவ்வட்டாரத்துக்கும் கிள்ளானுக்கும் உரிய தோட்டங்களிலேதான் 1941-இல் மலாயாத் தமிழ்த் தொழிலாளரின் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஐரோப்பாவில் போர் நடந்தமையால் ரப்பருக்கு நல்ல விலை கிடைத்தது. கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. சீனத் தொழிலாளர் பெற்ற கூலியைவிடத் தமிழர் கூலி குறைவு. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்திருந்தமையால், ஏற்கெனவே இருந்தோரின் உழைப்பு அரிதாயிற்று. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரைத் திரட்டினர்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. சீனரோடு ஒத்த கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்டிர்க்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றோடு வேறு இரண்டும் இடம்பெற்றன. ஒன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து செல்லுதல். மற்றொன்று, துரைமார்க்கும் கிராணிமார்க்கும் முன்னே மிதிவண்டியில் ஏறிச் செல்லும் உரிமை.

துரை எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி, ஒதுங்கி நின்று, அவர் கடந்தபின்னரே ஏற வேண்டும் என்பது எழுதாச் சட்டம். கூலி உயர்வைக் கேட்ட அதே ஏட்டில், வண்டியிலிருந்து இறங்கமாட்டோம் என்பதையும் அத்தொழிலாளர் எழுதினர். தம் தந்தையர் கல்லுடைத்துப் போட்ட சாலையில் நிமிர்ந்து அமர்ந்து செல்வது, வயிற்றுக்குச் சோறு பெறுவதோடு ஒத்த தேவை என அவர்கள் கருதினர் என்பது இதனால் விளங்கும். எழுத்தறிவு குறைந்தோர் என ஏளனம் செய்யப்பட்டவர்கள் கண்ட தெளிவு இது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் மீண்டும் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் படை அழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு முடியுமுன் துரைமார்களே கார்களில் ஏறித் தெற்கே சிங்கப்பூர் நோக்கி ஓட நேர்ந்தது.

உரிமை ஏட்டில் ஏறிய கதை

மாலை மங்கும் நேரத்தில் கார் கிள்ளானை அடையும். ஆற்றுக்கு இப்பால் தெங்கு கெலானா சாலையில் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் விளக்கேற்றும். சற்றுத் தொலைவில் கடல். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் எனத் திறக்கப்பட்டு, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய இடம் அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பல்லாயிரவர் இங்கே இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் தங்கி, லாரியிலும் இரயிலிலும் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றி வந்த கப்பல்களுள் பெயர்பெற்ற ‘ரஜூலா’ 1973-இல் தன் ஓட்டத்தை நிறுத்தியது. இந்நாட்டில் பலரது முதற்பயணம் தொடங்கிய துறை அது. அந்தப் பயணத்தில் ஊரைத் தேர்ந்தவர் அவர்கள் அல்லர்.

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றபோது நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, குடிமகன் ஒவ்வொருவனும் கூட்டரசு முழுதும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் வாழவும் உரிமையுடையவன் எனக் கூறுகிறது. பொதுநலத்துக்கும் பாதுகாப்புக்கும் உட்பட்ட உரிமைதான் அது. ஆயினும் கிள்ளான் தொழிலாளர் 1941-இல் தம் சொற்களில் கேட்டது, பதினாறு ஆண்டுகளில் நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் இடம்பெற்றுவிட்டது எனல் மிகையாகாது.

எனினும் அவ்வுரிமை குடிமகனுக்கே உரியது. குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட தோட்டத் தொழிலாளர் பலர். 1968-ஆம் ஆண்டின் வேலை அனுமதிச் சட்டம் அவர்களை நெருக்கியது. நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினர். அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். அடைபட்டிருந்த நிலத்துக்கே உடைமையாளராதல் என்பது அன்றைய நிலையில் அரிய சாதனை.

சாலை மட்டும் விரிந்துகொண்டே சென்றது. 1982-இல் கோலாலம்பூர்–சிரம்பான் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. 1994-இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. மந்தின் வளைவுகளைச் சுற்றாமல் இரண்டு மணி நேரத்துக்குள் மலாக்காவை அடையலாம் என்றாயிற்று. செப்பாங்கின் தோட்ட நிலத்தில் 1998-இல் பன்னாட்டு விமான நிலையம் எழுந்தது. பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா நகரம் நிற்கிறது. லயங்கள் போயின, அவற்றோடு கோயில்களும் பள்ளிகளும் இடம் பெயர்ந்தன அல்லது மறைந்தன. விடுதலை பெற்ற ஆண்டில் எண்ணூறுக்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. நெடுஞ்சாலையில் விரையும் காரிலிருந்து பார்ப்போர்க்குத் தோட்டத்துப் பெயர்ப்பலகைகள் புலப்படுவதில்லை. பாட்டி விரல் நீட்டிச் சொல்லிய உறவுமுறைப் பட்டியலைப் படிக்க இன்று சாலையில் எழுத்தே இல்லை.

மாணவர்க்கு ஒரு பணி

அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் வரலாற்று நூல்களில் உள்ளன. எத்தனையாவது கட்டையில் எத்தோட்டம் இருந்தது, அதன் தமிழ்ப் பெயர் யாது, எக்கோயிலின் முன் வேலைநிறுத்தக் கூட்டம் கூடியது, எவ்வளைவில் யாருடைய தந்தை கல்லுடைத்தார் என்பவை நூலில் இல்லை. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் தாமே இட்ட தமிழ்ப் பெயர் ஒன்றுமாக இரு பெயர் இருந்தன. ஆங்கிலப் பெயர் கும்பினிக் கணக்கேடுகளில் எஞ்சும். தமிழ்ப் பெயர் முதியோர் நினைவில் மட்டுமே உண்டு. அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் தமிழாசிரியர் விடுமுறைப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணிக்கும்போது, விலங்குக்காட்சிச்சாலை கண்டதையும் கடலில் நீராடியதையும் எழுதச் சொல்வதோடு அமைதல் வேண்டா. பழைய சடக்கில் ஒருமுறையேனும் பெரியோரை அழைத்துச் செல்லச் சொல்லலாம். வழியிலுள்ள ஊர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் செய்யலாம். கட்டை எண், தோட்டப் பெயர், அங்கு வாழ்ந்த உறவினர், அவர் செய்த தொழில் என நான்கு பத்திகள் போதும். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இதனைச் செய்தால், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத வரலாற்று வரைபடம் ஒன்று அப்பள்ளியில் உருவாகிவிடும். வழி நடந்தவனே வழி கூறுவான் என்பது ஆற்றுப்படையின் முறை. நடந்தவர் சொல்ல இன்னும் சிலர் இருக்கின்றனர். கேட்க வேண்டியவர் வகுப்பறையில் இருக்கின்றனர்.